வரும்போது அந்தக் கண்ணாடியை எடுத்து வா

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்லக் கீழ்வீட்டுத் தையல்காரம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் தம்பியும் நலம். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்துக்கு முன்னாலோ பின்னாலோ உனக்கு ஒரு பார்சல் வரும். சோப்புத்தூள் வருகிற அட்டைப்பெட்டி, சுற்றிச் சுற்றி டேப் ஒட்டியது. தனியாக இருக்கும்போது பிரிக்காதே. மாப்பிள்ளை வீட்டில் இருக்கும்போது பிரி. உள்ளே உன் அம்மாவின் மூக்குக்கண்ணாடி இருக்கும். அவள் வீட்டுக்குள் போட்டு நடந்த ரப்பர் செருப்பு இருக்கும். பாதி தீர்ந்த பிரஷர் மாத்திரை அட்டையும் இருக்கும். பார்த்ததும் அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துவிடாதே. அனுப்பியது உன் தம்பி. அம்மா எட்டு மாதமாக உன் வீட்டில் இருக்கிறாள் என்றுதானே அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போன் அடித்தால் நான் எடுப்பதற்குள் அவன் வந்து நிற்கிறான். நான் பேசி முடிக்கிறவரை என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு கேட்கிறான். நாக்குத்தான் அவனுக்குத் தடிப்பு, காது பாம்புக்காது. உன் குரலுக்குப் பின்னால் வேறு குரல் கேட்கிறதா என்று பார்க்கிறான். அதனால்தான் அவன் சலவைக்கூடத்துக்குப் போயிருக்கிற நேரத்தில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். தையல்காரம்மா 'பேரன்பு மிக்க' என்று ஆரம்பித்தாள். நான் என்றைக்கு அப்படிப் பேசினேன் என்று கேட்டு அடிக்கச் சொன்னேன். இருந்தாலும் என் பேச்சை அங்கங்கே திருத்தித்தான் எழுதுகிறாள். ஓரம் மடிக்காமல் எதையும் வெளியே விட அவளுக்கு மனசு வராது.

முதலில் செருப்பைத்தான் கண்டுபிடித்தான். வீடு பெருக்குவது அவன் வேலை என்று உனக்குத் தெரியும், மூலை முடுக்கு விடமாட்டான். கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து வந்து என் முன்னால் ஜோடியாக வைத்தான். அம்மா செருப்பில்லாமல் போயிருக்கிறாள் என்றான். அக்கா புதுசு வாங்கிக் கொடுத்திருப்பாள் என்றேன். ஒத்துக்கொண்டான். அடுத்து அலமாரிக்கு மேலிருந்து கண்ணாடியை எடுத்து வந்தான். கண்ணாடி இல்லாமல் அம்மா மாத்திரை அட்டையை எப்படிப் பார்ப்பாள், தப்பு மாத்திரை போட்டால் என்ன ஆகும் என்று கேட்டான். நீ போன பிறகு இந்த வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அந்தக் கண்ணாடிதான் எங்கள் மூன்று பேருக்கும் கண்.

பெட்டியை அவனே கட்டினான். துணி மடிப்பது போலச் செருப்பைப் பழைய துண்டில் மடித்துக் கண்ணாடியை நடுவில் வைத்தான். சலவைக்கூடத்தில் அவனுக்கு 'மேனேஜர்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். யார் மடிப்பு கோணலாக இருந்தாலும் பிரித்துப் போட்டுவிடுவானாம். அந்த மேனேஜர் என்னையும் இழுத்துக்கொண்டு தபாலாபீஸ் போனான். உன் பழைய கவர் ஒன்றை எடுத்து வந்திருந்தேன், விலாசத்துக்கு. பெட்டியை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நான் அப்புறம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்வதற்காகக் கவுண்டர்காரரிடம் கண்ணைக் காட்டினேன். அவர், என்ன பெரியவரே, கண்ணில் தூசியா என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டார். உன் தம்பி என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் கண்ணில் ஊதிவிட்டான். அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. சீல் குத்தி, பெட்டி உள்ளே போகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தான்.

அவன் உன்னோடு பேசாததற்குக் காரணம் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். அம்மாவை நீ தராமல் வைத்திருக்கிறாய் என்று கோபம். 'அக்கா திருடி' என்று வேலை செய்கிற இடத்தில் சொல்லியிருக்கிறான். வருத்தப்படாதே. அவனுக்குத் தெரிந்த பெரிய வசவு அதுதான்.

அன்றைக்கு நடந்தது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நீ விசாக் காகிதங்கள் வராமல் அங்கே மாட்டிக்கொண்டு போனில் அழுதுகொண்டிருந்தாய், நான் எதையும் விவரமாகச் சொல்லவில்லை. காலையில் அவனை வேனில் ஏற்றிவிட்ட பிறகு, குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். சாயங்காலம் வேன் வருகிற நேரம். வீடு நிறைய ஆட்கள். தையல்காரம்மா ஓடிப்போய் அவனைப் படிக்கட்டுக்குக் கீழேயே பிடித்துக்கொண்டாள். அம்மா அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள், இரண்டு நாள் நீ எங்கள் வீட்டில் இரு என்றாள். நான் மேலே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அவன் என்னை அண்ணாந்து பார்த்தான். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். ராத்திரி போனில் சொன்னபோது நீயும், அதுதான் நல்லதுப்பா, அவனுக்குத் தாங்காது என்றாய். ஆக மூன்று பேரும் சேர்ந்துதான்.

இந்த இடத்தில் தையல்காரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சுகிறாள். உன்னைக் குறை சொல்லவில்லை அம்மா, எழுது என்றேன். நல்ல மனசோடு சொன்னதுதான்.

அம்மாவை மேலே கொண்டு வந்து கிடத்தி, மறுநாள் இறக்கிக்கொண்டு போகிறவரை அவன் அவள் வீட்டில் உட்கார்ந்து பட்டன் பிரித்துக்கொண்டிருந்தான். கறுப்பு ஒரு டப்பா, வெள்ளை ஒரு டப்பா. தலைக்கு மேல் இத்தனை காலடிச் சத்தம் எதற்கு என்று கேட்டிருக்கிறான். உங்க அப்பா ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்கிறார், ஆள் வந்திருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறாள். நான் பெயிண்டர்தானே, பொருத்தமாக இருந்தது. மூன்றாம் நாள் மேலே வந்தான். ஹாலில் நின்று மூக்கை உயர்த்தி மோந்து பார்த்தான். "வாசனை வரல. சுவர் பழசு," என்றான்.

என்ன செய்தேன் தெரியுமா? அடுத்த நாளே பெயிண்ட் டப்பா வாங்கிவந்து ஹால் முழுக்க அடித்தேன். பொய்க்கு மேல் பூச்சு. அடித்து முடித்துக் காயவிட்டபோதுதான் ஜன்னலோரச் சுவரைப் பார்த்தேன். உன் அம்மா அங்கே தரையில் உட்கார்ந்து சாய்ந்து சாய்ந்து ஒரு எண்ணெய்க் கறை இருக்குமே, அவள் தலை அளவுக்கு. எத்தனையோ தடவை அதற்காக அவளைத் திட்டியிருக்கிறேன். பெயிண்டர் வீட்டுச் சுவரைப் பார் என்று ஊர் சிரிக்கும் என்பேன். என் கையாலேயே அதை மூடிவிட்டேன். கறை மேலே வராமல் இருக்கக் கைப்பழக்கத்தில் முதலிலேயே இரண்டு கோட் பிரைமர் வேறு. தொழில் சுத்தம்.

இப்போது உன்னிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை பேசும்போது, பார்சல் வந்தது, கண்ணாடி உடையாமல் வந்தது என்று மட்டும் சத்தமாகச் சொல். அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை. அதைக் கேட்டால் சாப்பிடுவான்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிருக்குக் காதை மூடு.

உன் அப்பா


அன்பு மகளுக்கு,

அப்பா எழுதச் சொல்வது. நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்தது. உன் தம்பிக்குத் தோள் சரியாக இருக்கிறது, கைதான் நீளம். தையல்காரம்மா குறைத்துத் தருகிறேன் என்றாள். அவன் கொடுக்கவில்லை, மடித்துவிட்டுக்கொண்டு திரிகிறான்.

போன மாதம் நான் சொன்னபடியே நீ பேசினாய். பார்சல் வந்தது என்பதோடு நிறுத்தாமல், அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டாள், செருப்பும் சரியாக இருக்கிறது என்றும் சொன்னாய். பாசத்தில் சொன்னாய். அவன் துள்ளினான். எட்டு மாதம் கழித்து உன்னோடு அன்றுதான் பேசினான். அம்மாகிட்ட குடு என்றான். தூங்குகிறாள் என்றாய். அடுத்த வாரம் குளிக்கிறாள். அதற்கடுத்த வாரம் கடைக்குப் போயிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவன், உன் கண்ணில் படும் என்று நினைத்து, இரண்டு கையையும் விரித்துப் போனுக்கு முன்னால் நீட்டி, "வெட்டிட்டேன். அம்மாகிட்ட சொல்லு. வெட்டிட்டேன்," என்றானே, நினைவிருக்கிறதா? எதை வெட்டினாய் என்று நீ கேட்டாய். துணியை ஏதாவது வெட்டிவிட்டானோ என்று நானும் நினைத்தேன்.

அவன் விரல்களைச் சொல்லியிருக்கிறான், கண்ணு.

பயிற்சி மையத்து டீச்சரை உனக்குத் தெரியாது. அவனைச் சலவைக்கூடத்தில் சேர்த்துவிட்டவள், வாரத்துக்கு ஒரு முறை போய்க் கூடவே நின்று பார்ப்பவள். அவள் வீடு தேடி வந்தாள். வெள்ளைத் துண்டுகளில் ரத்தப் பொட்டு இருக்கிறதாம். பார்த்தால் அவன் நகங்களை ஒட்ட வெட்டி, சதை வரைக்கும் வெட்டி வைத்திருக்கிறான். புண் ஆறுகிறவரை மடிக்கிற மேஜையில் விட முடியாது, மூட்டை தள்ளுகிற வேலைக்கு மாற்றியிருக்கிறோம் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. எதற்கடா இப்படிச் செய்கிறாய் என்று அவள் எதிரிலேயே சத்தம் போட்டேன். அவன் விரல்களை அக்குளுக்குள் மறைத்துக்கொண்டான்.

டீச்சர் என்னைத் திட்டவில்லை. அவங்க அம்மா போன அன்னைக்குக் காலையில் என்ன நடந்தது, ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றாள்.

என் ஞாபகத்துக்கு என்ன குறை? எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு ஞாபகம்தான் சொத்து. முப்பது வருஷத்துக்கு முன்னால் எந்த வீட்டு மாடிக்கு எந்தப் பச்சையில் எவ்வளவு வெள்ளை கலந்தேன் என்று இப்போதும் சொல்வேன். அந்தக் காலையையும் சொன்னேன். துண்டில் நூல் பிரிகிறது, நகத்தை வெட்டிவிட்டு அனுப்புங்கள் என்று முந்தின நாள் சூப்பர்வைசர் சொல்லி அனுப்பியிருந்தார். உன் அம்மா நகவெட்டியோடு வந்தாள். அவனுக்கு அந்தச் சத்தமே ஆகாது. வேனுக்கு நேரமாகிறது. கையைக் கொடு ராசா என்கிறாள், அவன் முஷ்டியை இறுக்கிக்கொள்கிறான். கடைசியில் அவளைத் தள்ளிவிட்டு, "போ. நீ போ," என்று கத்தினான். அவள் சிரித்தாள். போகிறேன்டா, போய்விட்டால் தெரியும் என்று சொல்லிக்கொண்டே நகவெட்டியைச் சீப்பு டப்பாவில் போட்டாள். வேன் ஹாரன் அடித்தது. ஓடிவிட்டான்.

சொல்லிக்கொண்டே வந்தவன் அங்கே நின்றுவிட்டேன். அவன் போ என்றான், அவள் போய்விட்டாள். சாயங்காலம் வந்து பார்த்தால் அம்மா இல்லை. திரும்பி வரவே இல்லை. ஒன்பது மாதமாக அந்தப் பிள்ளை தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். நகத்தை வெட்டிக் காட்டினால் வருவாள் என்று வெட்டியிருக்கிறான். வரவில்லை, போதாது போல என்று இன்னும் வெட்டியிருக்கிறான். அந்தக் காலை முழுவதும் என் மண்டைக்குள் இருந்தது, பாப்பா. அவன் நின்ற இடத்திலிருந்து அதைப் பார்க்க ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

டீச்சர் அவனை 'அவர்' என்றுதான் சொல்கிறாள். அவருக்கு முப்பத்தெட்டு வயசாகிறது சார் என்கிறாள். எனக்கே அது அன்றைக்குத்தான் உறைத்தது. அவனுக்குச் சாவு புரியாதே அம்மா என்றேன். "புரியாதுன்னு யார் சொன்னது? நீங்க சொல்லிப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள்.

சொல்லிப் பார்க்கவில்லை. அவன் பிறந்தபோது இதயத்தில் ஓட்டை, பத்து வயசு தாண்டமாட்டான் என்றார்கள். அவன் தாண்டினான். நாங்கள் அவனுக்குப் பட்டன் போடக் கற்றுக்கொடுத்தோம், முகம் மழிக்கக் கற்றுக்கொடுத்தோம், ரோட்டைக் கடக்க மட்டும் ஒரு வருஷம் கற்றுக்கொடுத்தோம். இதை மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. அவனை அனுப்பிவிட்டு நாங்கள் போவோம், அவன் இதைப் பார்க்கவே வேண்டியிருக்காது என்று நானும் உன் அம்மாவும் வாய்விட்டுப் பேசாமலே முடிவு பண்ணி வைத்திருந்தோம். அந்தக் கணக்கு பொய்த்துப்போனது.

எப்படிச் சொல்ல வேண்டும் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தாள். தூங்குகிறாள், ஊருக்குப் போய்விட்டாள், கடவுள் கூட்டிக்கொண்டார் என்றெல்லாம் சுற்றக் கூடாது. சின்னச் சின்ன வார்த்தையாக, ஒரு நேரத்தில் ஒரு விஷயம். அவர் பத்துத் தடவை கேட்டால் பத்துத் தடவையும் அதே வார்த்தை. அழுதால் அழவிடுங்கள், நீங்களும் அழலாம் என்றாள். நான் பாடம் மாதிரி மனப்பாடம் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் குளித்துவிட்டு வந்தான். தலையைத் துவட்டிவிட்டு எதிரில் உட்காரவைத்தேன். "அம்மா செத்துட்டா. அவ நெஞ்சு நின்னுபோச்சு. நீ போன்னு சொன்னதால இல்ல," என்றேன்.

அவன் என் முகத்தையே பார்த்தான். அப்புறம் சிரித்தான். நான் விளையாட்டுக் காட்டும்போது அவன் சிரிக்கிற அதே சிரிப்பு. "பொய். அம்மா அக்கா வீட்ல இருக்கா. கண்ணாடி போட்டிருக்கா. அக்கா சொன்னா," என்றான்.

இன்னொரு தடவை சொன்னேன். அதே வார்த்தை. இந்தத் தடவை சிரிக்கவில்லை. எழுந்து போய்ச் சுவரைத் தட்டிக் காட்டினான், ஜன்னலோரச் சுவரை. பெயிண்ட் அடிக்கிறேன் என்று சொன்னதும் பொய்தானே என்பதுபோல. அவனிடம் என் வாய்க்கு மதிப்பில்லாமல் போய்விட்டது.

டீச்சர் சொன்னாளே என்று அடக்கம் செய்த இடத்துக்கும் கூட்டிப் போனேன். கல் நட்டிருக்கிறது, எழுத்து வெட்டியிருக்கிறது. இதுதான் அம்மா இருக்கிற இடம் என்றேன். குனிந்து விரலால் எழுத்தைத் தடவினான். "படி," என்றான். எனக்கு எங்கே படிக்கத் தெரியும்? படிக்கத் தெரியாத இரண்டு பேர் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றோம். வாசலில் இருந்த காவல்காரரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவர் உன் அம்மாவின் பேரைச் சத்தமாகப் படித்தார். உன் தம்பி தலையை ஆட்டி, அது வேறு ஆள் என்றான்.

அவனுக்கு அந்தப் பேர் தெரியாது, பாப்பா. அவனுக்கு அவள் அம்மா. உனக்கும் அம்மா. நானாவது பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் அவன் காதில் விழுந்திருக்கும். வாழ்ந்த காலம் முழுக்க 'ஏய்', 'இந்தா' என்றே கூப்பிட்டேன். அவள் பேரை நான் சொன்னதெல்லாம் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற ஜன்னலில்தான்.

திரும்பி வரும்போது அவன் என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. ரோட்டைத் தனியாகவே கடந்தான். சரியாகத்தான் கடந்தான்.

இனிமேல் போனில் அம்மாவைப் பற்றி ஒன்றும் சொல்லாதே. இருக்கிறாள் என்றும் சொல்லாதே, இல்லை என்றும் சொல்லாதே. என்ன செய்வது என்று யோசித்து எழுதச் சொல்கிறேன்.

உன் அப்பா


அன்பு மகளுக்கு,

உன் காகிதங்கள் வந்துவிட்டன, அடுத்த மாதம் புறப்படுகிறேன் என்று நீ சொன்னதைக் கேட்டபோது எனக்குக் கால் தரையில் இல்லை. தையல்காரம்மா இனிப்பு கொடுத்தாள். இரண்டு பேரும் தின்றோம். தின்று முடித்த பிறகுதான் உன் தம்பி என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று பார்த்தேன்.

அவன் என் பாயைச் சுருட்டிச் சமையலறைப் பக்கம் போட்டுவிட்டு, ஹாலில் ஜன்னலோரம் இரண்டு படுக்கை விரித்திருக்கிறான். ஒன்று அக்காவுக்கு, ஒன்று அம்மாவுக்காம். சலவைக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டான், அக்கா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறாள் என்று. அன்றைக்கு லீவு வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கியும்விட்டான். திருடி என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டானாம். அதையும் உன்னிடம் சொல்லச் சொன்னான்.

அடக்கம் செய்த இடத்துக்குப் போய்வந்ததற்குப் பிறகு, நான்தான் அவனுக்குச் சரியில்லாத ஆளாகிவிட்டேன். நான் சொல்வதற்கெல்லாம் தையல்காரம்மாவிடம் போய் உண்மையா என்று கேட்கிறான். மழை வரும் என்று சொன்னாலும் கேட்கிறான். அவளிடமும் அம்மாவைப் பற்றிக் கேட்டான். அவள் இந்தத் தடவை தைரியமாக, ஆமாம் ராசா, அம்மா செத்துப்போய்விட்டார்கள், அன்றைக்கு நான் சொன்னதுதான் பொய் என்றாள். அவன் பட்டன் டப்பாவைக் கவிழ்த்துவிட்டு வந்துவிட்டான். கறுப்பும் வெள்ளையும் ஒன்றாகக் கிடந்தன. அவள் இரண்டு நாள் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அவனே போய்ப் பிரித்து வைத்தான். ஆனால் அவளோடு பேசவில்லை.

நானே போனில் சொல்லிவிடுகிறேன் அப்பா, என்னை நம்புவான் என்றாய். வேண்டாம், கண்ணு. உன்னைத்தான் நம்புவான், அது சரி. அதனால்தான் போனில் வேண்டாம் என்கிறேன். போனில் நீ சொல்லித்தான் கண்ணாடியும் செருப்பும் அவள் கண்ணிலும் காலிலும் ஏறின. இனி நீ ஒரு சொல் சொன்னால் உன் முகமும் கூட இருக்க வேண்டும்.

டீச்சரிடம் கேட்டேன். அவளும் அதையே சொன்னாள். ஒரு சொல்லைத் திரும்ப வாங்குவதற்கு, சொன்னவர்கள்தான் வரவேண்டும் என்றாள்.

அதனால் நான் சொல்கிறபடி செய். வரும்போது அந்தக் கண்ணாடியை எடுத்து வா. செருப்பையும் எடுத்து வா. பெட்டியின் அடியில் வைக்காதே, கைப்பையில் வை. வந்த உடனே கொடுக்காதே. முதலில் அவன் உன்னைக் கட்டிக்கொள்வான், விடமாட்டான், மூச்சு முட்டும். அப்புறம் அம்மாவைத் தேடுவான். கீழே இறங்கி வண்டிக்குள் பார்ப்பான். வண்டிக்காரரிடம் சொல்லி வை, அவன் பார்த்து முடிகிறவரை கதவைச் சாத்த வேண்டாம் என்று. மேலே வந்து குளியலறையைப் பார்ப்பான். யாரும் குறுக்கே போகக் கூடாது, நீயும் போகாதே.

பிறகு ஜன்னலோரம் அவனோடு தரையில் உட்கார். கண்ணாடியை அவன் கையில் வை. அம்மா இதைப் போட்டுக்கொள்ளவே இல்லை, அக்கா பொய் சொன்னேன் என்று சொல். அம்மா செத்துட்டா என்று சொல், தையல்காரம்மா எழுதுகிற பாஷையில் வேண்டாம், நம் வீட்டில் பேசுகிறபடியே சொல். நீ போ என்றதால் இல்லை என்பதை மட்டும் எத்தனை தடவை முடியுமோ அத்தனை தடவை சொல். அவனுடைய விரல்கள் ஆறிவிட்டன. புது நகம் வருகிறது. இப்போது யாரையும் தொட விடுவதில்லை. நகவெட்டியைத் தன் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறான், அம்மா வந்து வெட்டட்டும் என்று. அன்றைக்கு அது அழுகையோடு முடியும். முடியட்டும். அம்மா போன அன்றைக்கே அவன் அழுதிருக்க வேண்டிய அழுகை, நாம்தான் பிடித்து வைத்துக்கொண்டோம்.

நான் அந்த நேரத்தில் எங்கே இருப்பேன் என்று கேட்காதே. அங்கேதான் இருப்பேன். ஆனால் வாயைத் திறக்கமாட்டேன்.

மூன்று பேருமாக ஒரு நாள் அந்தக் கல்லுக்குப் போவோம். நீ படித்துக் காட்டு. பேரைப் படித்துவிட்டு, இது அம்மாவுடைய பேர் என்று அவனுக்குச் சொல்லிக்கொடு. நானும் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன்.

இன்னொன்று இருக்கிறது. இதை எழுதத் தையல்காரம்மாவுக்குக் கை வரவில்லை. எழுதாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்று மிரட்டித்தான் எழுத வைக்கிறேன். போன வாரம் படி ஏறும்போது நடுவில் உட்கார்ந்துவிட்டேன். பெரிதாக ஒன்றுமில்லை, கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்துவிட்டேன். ஆனால் எனக்கும் ஒருநாள் ஆகும். அன்றைக்கு அவன் வேலையில் இருந்தால் ஆளனுப்பிக் கூப்பிடச் சொல். கீழே உட்காரவைத்துப் பட்டன் பிரிக்கச் சொல்லாதீர்கள். என் பக்கத்தில் உட்கார வையுங்கள். தொட்டுப் பார்ப்பான், பிடித்து உலுக்கிப் பார்ப்பான். பார்க்கட்டும். எழுந்திருக்கமாட்டேன் என்று அவனே தெரிந்துகொள்ளட்டும். தூக்கும்போது ஒரு பக்கம் அவனைப் பிடிக்கச் சொல். ஈரத்துணி மூட்டை தூக்கிப் பழகிய கை, நழுவ விடாது. அப்பா உன் வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதே, தாயே.

அதற்கப்புறம் அவன் யாரோடு இருப்பான் என்பதை நீயாக முடிவு செய்யாதே. அவனைக் கேள். உன்னோடு வருகிறேன் என்றால் கூட்டிப் போ. சலவைக்கூடத்தை விட்டு வரமாட்டேன் என்றால் டீச்சரிடம் பேசு, ஏதாவது வழி சொல்வாள். எது நடந்தாலும் நடப்பதை அவனிடம் சொல்லிவிட்டுச் செய்.

நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக வந்து சேருங்கள். வழியில் நேரத்துக்குச் சாப்பிடு. உன் அம்மா இருந்து உன்னை உச்சி முகர வேண்டிய இடத்தில் நான் ஒருத்தன்தான் இருக்கிறேன், அதை மனசில் வைக்காதே. பிள்ளைகள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பொய்யில்லாமல் பேசிக்கொண்டு நீண்ட காலம் இருக்க வேண்டும். அது போதும் எனக்கு.

படி ஏறும்போது மெதுவாக ஏறி வா. அவன் மேலே நின்று உனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருப்பான். பார்த்து முடிக்கட்டும்.

உன் அப்பா